கையோ காலோ எடுக்கப்படும் அன்றே நரம்புக்கும் ஒரு வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொட்டை மாடியில் பட்டம் எடுக்கப் போய் உயர் அழுத்த மின்கம்பியில் கை பட்ட சிறுவன், லாரிச் சக்கரத்தில் கால் நசுங்கிய பள்ளி மாணவி, முழங்கால் எலும்பில் புற்றுநோய் வந்து காலையே எடுக்க நேர்ந்த பிள்ளை என்று நாளிதழ்களில் ஆண்டு முழுவதும் செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. அச்செய்திகள் பெரும்பாலும் உயிர் பிழைத்ததைச் சொல்லும் வரியோடு முடிந்துவிடுகின்றன. சில மாதங்கள் கழித்து, செயற்கைக் கால் வழங்கும் விழாவில் அதே பிள்ளை அமைச்சருக்கோ ஆட்சியருக்கோ பக்கத்தில் நிற்கும் படம் வந்தால் உண்டு. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை படும் வலியைப் பற்றியும், அந்த வலியைக் குறைப்பதற்கு இன்று மருத்துவ உலகின் கைவசம் இருக்கும் நரம்பு அறுவை சிகிச்சையைப் பற்றியும் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் கத்தி பிடித்தவன் அல்லன். அறுவை மருத்துவர்கள் தங்கள் வேலையை முடித்து அனுப்பிய பிள்ளைகளை எழுந்து நிற்கவும் நடக்கவும் வைக்கும் இயன்முறைச் சிகிச்சையாளனாக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே எந்தத் துறையையும் குறை கூறுவதற்காக அல்லாமல், துறைகளுக்கு நடுவே யாருடைய பொறுப்பும் ஆகாமல் விழுந்துபோகும் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

உறுப்பு நீக்கப்பட்ட பிறகு வரும் வலி ஒரே வலி அன்று. மிச்சமிருக்கும் பகுதியில், மருத்துவமனையில் எல்லோரும் ‘ஸ்டம்ப்’ என்றே சொல்லும் இடத்தில், தொட்டால் சுரீரென்று வரும் வலி ஒன்று. இல்லாமல் போன காலில், இல்லாமல் போன விரலில் வரும் வலி மற்றொன்று. மாய உறுப்பு வலி என்று சொல்லப்படும் இந்த இரண்டாவது வலியைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் போர்க்கள அறுவை மருத்துவர் ஆம்புரோய்ஸ் பாரே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த சைலஸ் வியர் மிட்செல் 1871இல் அதை விரிவாக எழுதி, இன்றும் வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். அப்படியிருந்தும், ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று நள்ளிரவில் விழித்துக்கொண்டு, “அம்மா, கட்டை விரல் முறுக்கிக்கிட்டே இருக்கு, நீவி விடு” என்று அழும்போது, அந்தக் கட்டை விரல் போய் மாதக்கணக்காகிவிட்டது என்பதை அறிந்த தாய்க்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை.

பல வீடுகளில் இது ஒரே வரிசையில் நடப்பதைக் கண்டிருக்கிறேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, மனப்பிரமை என்ற சமாதானம் முதலில் வரும். பிள்ளை பயந்திருக்கிறான் என்று கோயில் பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டுவதும், பள்ளிவாசலில் ஓதி ஊதச் சொல்வதும் அடுத்து வரும். அதன் பிறகும் அழுதால் அதட்டல். சில வாரங்களில் பிள்ளை சொல்வதை நிறுத்திக்கொள்ளும். வலி நின்றுவிட்டதாக வீட்டார் நிம்மதி அடைவார்கள். இதில் பெற்றோரை நோக எனக்கு மனம் வரவில்லை. இப்படி ஒரு வலி வரக்கூடும், அது பொய்யோ பிரமையோ அன்று என்பதை அறுவைக்கு முன் அவர்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு மாய உறுப்பு வலி வராது, வந்தாலும் விளையாட்டில் மறந்துவிடும் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உறுப்பு நீக்கப்பட்ட 5 முதல் 19 வயது வரையிலான 24 பேரிடம் நேரடியாகக் கேட்டுப் பார்த்தது. இல்லாத உறுப்பு இருப்பதுபோன்ற உணர்வு அனைவருக்குமே இருந்தது. அது வலியாக இருந்ததாகச் சொன்னவர்கள் 83 விழுக்காடு. கேட்டால்தான் பிள்ளைகள் சொல்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே சமயம், புற்றுநோயால் உறுப்பிழந்த பிள்ளைகளில் பலருக்கு ஓராண்டுக்குள் இந்த வலி பெரியவர்களைவிட விரைவாகத் தணிந்துவிடுவதையும் பின்னாளைய ஆய்வு காட்டியிருக்கிறது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். பிறவியிலேயே கையோ காலோ இல்லாத பிள்ளைகளுக்கு இது மிக அரிது. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் எல்லா அறுவையும் வேண்டும் என்பதன்று என் வாதம். தணியாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் பிள்ளைகள் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில், தடுக்கக்கூடியதைத் தடுத்துவைக்க வேண்டும் என்பதுதான்.

வலி எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த அறுவை எதைச் செய்ய முயல்கிறது என்பது விளங்கும். நரம்பு என்பது ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் சேர்ந்த ஒரு கற்றை. அதை வெட்டினால் அது செத்துப்போவதில்லை. வெட்டுவாயிலிருந்து இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் மறுபடியும் வளரத் தொடங்குகின்றன. சாதாரண வெட்டுக் காயமாக இருந்து, அறுந்த முனைகளைச் சேர்த்துத் தைத்திருந்தால், அவை மறுமுனைக்குள் புகுந்து தசையையோ தோலையோ போய்ச் சேரும். உறுப்பே போன இடத்தில் மறுமுனை ஏது? தொட்டியில் வைத்த செடியின் வேர் போக்கிடமின்றிச் சுற்றிக்கொள்வதுபோல, அந்த இழைகள் தழும்புத் திசுவுக்குள் சுருண்டு ஒரு முடிச்சாகின்றன. இதைத்தான் நியூரோமா என்கிறார்கள். எல்லா நியூரோமாவும் வலிப்பதில்லை. வலிக்கத் தொடங்கியது எளிதில் விடுவதுமில்லை. அங்கிருந்து ஓயாமல் போகும் தவறான சைகைகள் தண்டுவடத்தையும் மூளையையும் வலிக்கு எளிதில் தூண்டப்படும்படி ஆக்கி, இல்லாத உறுப்பின் வலியையும் வளர்க்கின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

நடைப்பயிற்சி அறையில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. விரல் நுனியால் ஸ்டம்பைக் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே வருவோம். பல இடங்களில் பிள்ளை சும்மா இருக்கும். ஓர் இடத்தில் விரல் பட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போடும், உள்ளங்காலில் ஷாக் அடித்தது என்று சொல்லும். அந்த உள்ளங்கால் அங்கே இல்லை. அந்த இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டமிட்டு, செயற்கைக் கால் செய்யும் தொழில்நுட்பரிடம் அனுப்பி, ஸ்டம்பைக் கவ்விப் பிடிக்கும் சாக்கெட்டில் அந்த இடத்துக்கு நேராகக் குழிவு விடச் சொல்வோம். பிள்ளை இரண்டு மாதம் நடக்கும். பிறகு ஸ்டம்ப் வற்றி, சாக்கெட் சற்றுக் கீழே இறங்கி, மறுபடியும் அதே இடத்தில் அழுத்தும். அப்புறம் அந்தக் கால் பீரோவின் மேல் ஏறிவிடும். விழாவில் கொடுக்கப்பட்ட கால்களில் எத்தனை இன்று பீரோ மேல் இருக்கின்றன என்று யாராவது வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தால், அடுத்த விழாவுக்குப் பந்தல் போடுவதற்கு முன் சற்று யோசிப்பார்கள்.

வழக்கமான துண்டிப்பு அறுவையில் மருத்துவர் ஒவ்வொரு பெரிய நரம்பையும் சற்று இழுத்துப் பிடித்து, கூரிய கத்தியால் உயரத்தில் வெட்டி விட்டுவிடுவார். அது சுருங்கித் தசைக்குள் ஆழமாக ஒளிந்துகொள்ளும். முடிச்சு விழுவதை இது தடுப்பதில்லை. விழுகிற முடிச்சு அழுத்தம் படாத ஆழத்தில் விழட்டும் என்பதே இதன் கணக்கு. கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்திருக்கும் புதிய முறைகளின் கணக்கு வேறு. வளரத் துடிக்கும் நரம்புக்குப் போய்ச் சேர ஓர் இடத்தையும் செய்ய ஒரு வேலையையும் கொடுத்துவிடுவது அவற்றின் அடிப்படை.

முதலாவது முறைக்கு டார்கெட்டட் மசில் ரீஇன்னர்வேஷன், சுருக்கமாக டி.எம்.ஆர். என்று பெயர். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டாட் குய்கன், கிரெகரி டுமேனியன் ஆகியோர் உருவாக்கியது இது. டென்னசி மாநிலத்தில் மின்கம்பிப் பணியாளராக இருந்த ஜெஸ்ஸி சல்லிவன் 2001இல் மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் தோளோடு இழந்தார். அவருக்கு 2002இல் இந்த அறுவை செய்யப்பட்டது. அப்போது மருத்துவர்களின் நோக்கம் வலியைப் போக்குவது அன்று. கைக்குப் போய்க்கொண்டிருந்த நரம்புகளை மார்புத் தசையின் நரம்புகளோடு இணைத்துவிட்டால், கையை மூட வேண்டும் என்று அவர் நினைக்கும்போது மார்புத் தசையின் ஒரு பகுதி சுருங்கும். தோலின் மேல் ஒட்டிய உணர்கருவி அந்தச் சுருக்கத்தைப் படித்து மின்னணுக் கையை மூடும். இதற்காகவே அந்த அறுவை செய்யப்பட்டது. இப்படி அறுவை செய்துகொண்டவர்களுக்கு நியூரோமா வலி குறைந்திருப்பது பின்னர் கவனத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் வலிக்காகவே இந்த அறுவையைச் செய்வது தொடங்கியது. வெட்டப்பட்ட நரம்பின் முனையை, அருகிலுள்ள தசை ஒன்றுக்குப் போகும் சிறு இயக்க நரம்பை அறுத்து அதன் முனையோடு, முடியைவிட மெல்லிய நூலால் தைப்பதுதான் செய்முறை. சில மாதங்களில் பழைய நரம்பின் இழைகள் அந்தத் தசைக்குள் குடியேறுகின்றன.

2019இல் இக்குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே உறுப்பிழந்து வலியோடு இருந்த 28 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு டி.எம்.ஆர்.; மறு பிரிவுக்கு முடிச்சை வெட்டியெடுத்து நரம்பு முனையைத் தசைக்குள் புதைக்கும் பழைய அறுவை. மாய உறுப்பு வலி டி.எம்.ஆர். பிரிவில் கூடுதலாகக் குறைந்தது. ஸ்டம்ப் வலியிலும் அதே போக்குத் தெரிந்தது. ஆயினும் ஆட்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் எல்லா அளவைகளிலும் ஐயத்துக்கு இடமில்லாத முடிவு கிடைக்கவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஏனெனில் அரைகுறை நம்பிக்கையை ஊட்டி விற்கப்படும் சிகிச்சைகளால் நம் மக்கள் ஏற்கெனவே போதுமான அளவு ஏமாந்திருக்கிறார்கள்.

இரண்டாவது முறையே நம்முடைய அரசு மருத்துவமனைகளுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். பால் செடெர்னா தலைமையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இம்முறைக்கு ரீஜெனரேட்டிவ் பெரிஃபெரல் நெர்வ் இன்டர்ஃபேஸ், சுருக்கமாக ஆர்.பி.என்.ஐ. என்று பெயர். இதில் வேறொரு நரம்பைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. உடலிலிருந்தே மெல்லிய தசைத் துண்டு ஒன்றை, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுத்து, வெட்டப்பட்ட நரம்பின் முனையை அதன் நடுவில் வைத்துச் சுருட்டி, இரண்டு மூன்று தையல் போட்டுவிடுகிறார்கள். பக்கத்துத் திசுக்களிலிருந்து ஊட்டம் பெற்று அந்தத் துண்டு உயிர் பிழைக்கிறது. நரம்பின் இழைகள் அலைந்து திரியாமல் அதற்குள்ளேயே பரவி அடங்குகின்றன. தொடையின் பின்புறம் ஓடும் சியாட்டிக் நரம்பைப் போன்ற பருத்த நரம்பாக இருந்தால் அதைப் பல கிளைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்வை போடுகிறார்கள். தசைக்காக வேறு இடத்தில் கீற வேண்டிய அவசியமும் எப்போதும் இல்லை. நீக்கப்படும் காலிலேயே நல்ல நிலையில் உள்ள தசை இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். புற்றுநோய்ப் பிள்ளையாக இருந்தால் மட்டும், கட்டிக்குத் தொடர்பில்லாத இடத்துத் தசையாக அது இருக்க வேண்டும். மிச்சிகன் குழு 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, துண்டிப்பின்போதே ஆர்.பி.என்.ஐ. செய்யப்பட்ட 45 பேரில் ஒருவருக்கும் வலிக்கும் நியூரோமா வரவில்லை. செய்யப்படாத 45 பேரில் 6 பேருக்கு வந்தது. மாய உறுப்பு வலி முதல் பிரிவில் 51 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் பிரிவில் 91 விழுக்காட்டினருக்கும் இருந்தது. இது குலுக்கல் ஆய்வு அன்று, பழைய பதிவேடுகளைப் புரட்டி எடுத்த ஒப்பீடு. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

இந்த எண்கள் எல்லாம் பெரியவர்களைப் பற்றியவை. பிள்ளைகளைப் பற்றி வெளியாகியிருப்பவை பெரும்பாலும் ஒரு சில நோயாளிகளைக் கொண்ட சிறு தொகுப்புகள். அவற்றில் முடிவுகள் நம்பிக்கை தருவனவாகவே இருக்கின்றன. பிள்ளைகளின் நரம்பு மெல்லியது, தைப்பது கடினம் என்பது உண்மை. அவர்களின் நரம்பு பெரியவர்களுடையதைவிட விரைவாகவும் நன்றாகவும் வளரும் என்பதும் உண்மை. இவற்றைக் காட்டிலும் என்னை யோசிக்க வைப்பது காலக் கணக்கு. அறுபது வயதில் சர்க்கரை நோயால் காலை இழக்கும் பெரியவர் அந்த ஸ்டம்போடு வாழப் போவது சில ஆண்டுகள். எட்டு வயதுப் பிள்ளை அதே ஸ்டம்போடு பள்ளி முடித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, முதுமை வரை நடக்க வேண்டும். வளர வளர அதற்குச் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் அழுத்தம் படும் இடம் மாறும். வலிக்கென்று தரப்படும் கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு நன்றாகவே உதவுகின்றன. ஆனால் அவற்றின் மயக்கத்தில் வகுப்பில் தூங்கி விழுந்து, படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளைகளும் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் ஸ்டம்பில் வரும் வலியெல்லாம் நரம்பு வலி அன்று. வளரும் வயதில் எலும்பை நடுவில் வெட்டியிருந்தால், வெட்டிய முனை மேலும் வளர்ந்து கூர்மையாகித் தோலைக் குத்துவது பிள்ளைகளுக்கே உரிய தொல்லை. மேற்கை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளிலும் இதை அதிகம் காணலாம். இதனால்தான் முடிந்தவரை எலும்பை நடுவில் வெட்டாமல் மூட்டோடு எடுப்பதைக் குழந்தை எலும்பு மருத்துவர்கள் விரும்புகிறார்கள். எலும்பு முனை குத்துகிறதா, நரம்பு முடிச்சா, சாக்கெட் சரியில்லையா, சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்காமல் நரம்பில் கை வைப்பது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. மறுபக்கம், வளர்ந்த எலும்பைச் சீவி எடுப்பதற்காக எப்படியும் இன்னொரு முறை மயக்கம் கொடுத்து ஸ்டம்பைத் திறக்கிறார்கள் அல்லவா? வலிக்கும் நரம்பு முனையையும் அப்போதே சரிசெய்துவிட்டால், அதற்கென்று தனியாக ஒரு மயக்கமும் தனியாக ஒரு தையலும் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படாது.

எந்த நாளில் செய்வது என்பதிலும் விவேகம் தேவை. மின்சாரத் தீக்காயத்தில் வெளியே தெரியும் காயத்தைவிட உள்ளே செத்த தசை அதிகம்; இன்று நல்லது போலத் தெரிவது மூன்றாம் நாள் கறுத்துவிடும். நசுங்கிய காலில் மண்ணும் கிருமியும் இருக்கும். அப்படிப்பட்ட காயத்தை முதல் நாளில் திறந்தே வைத்துச் சுத்தம் செய்து, பிறகு ஒரு நாள் மூடுவார்கள். நரம்புக்கு வழி செய்ய ஏற்ற நாள் அந்த மூடும் நாள்தான். எலும்புப் புற்றுநோயில் நிலைமை வேறு. அங்கே கீமோதெரபி கொடுத்து, நாள் குறித்து, திட்டமிட்டே காலை எடுக்கிறார்கள். ஆகவே நரம்பைப் பற்றி யோசிக்க வாரக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. ஆனால் அறுவைக்குப் பின் கீமோதெரபியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதால், மேசையில் பிள்ளையை மணிக்கணக்கில் கூடுதலாக வைத்திருக்கும் முறையைவிடக் குறுகிய நேரத்தில் முடியும் முறை நல்லது. நான் ஆர்.பி.என்.ஐ.யின் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். எதைச் செய்தாலும் மறுநாளே வலி ஓடிவிடாது. இழைகள் தசைக்குள் பரவும் வரை சில மாதங்கள் ஆகும், நடுவில் வலி ஒருமுறை ஏறி இறங்கவும் கூடும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நரம்புக்கு வேலை இருந்தால் வலி குறைவு என்பதற்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. முழங்காலை ஒட்டிய எலும்புப் புற்றுநோயில், நோயுற்ற நடுப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, கீழ்க்காலைப் பின்புறம் திரும்புமாறு சுழற்றித் தொடையோடு இணைக்கும் ரொட்டேஷன்பிளாஸ்டி என்ற அறுவை இருக்கிறது. கணுக்கால் முழங்காலின் வேலையைச் செய்யும். பார்ப்பதற்கு விசித்திரமாக இருப்பதால் நம் பெற்றோர் பலர் முதலில் மறுத்துவிடுகிறார்கள். ஆனால் அதில் பெரிய நரம்பு வெட்டப்படுவதில்லை. பாதத்தோடு தொடர்பு அறாமல் இருக்கிறது. அப்படி அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்கு மாய உறுப்பு வலி அரிதாகவே வருகிறது.

அறுவை ஒன்றே போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிச் சிகிச்சையை, ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை இரண்டு கால்களுக்கு நடுவே நிறுத்தி, எந்த மாவட்ட மருத்துவமனையிலும் செய்யலாம். நல்ல காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்; பிள்ளை நல்ல காலின் விரல்களை விரிக்கும்போது முறுக்கிக்கொண்டிருந்த மாய விரல்களும் விரிவதாக உணரும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதில் விளையாட்டாக ஈடுபடுவார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலிக்கும்போது செலவு ஒரு கண்ணாடியின் விலை. நரம்பு அறுவை செய்துகொண்ட பிள்ளைக்கும் இது தேவைப்படலாம். ஆனால் விரல் நுனி பட்டால் துள்ளும் ஒரு முடிச்சைக் கண்ணாடி கரைத்துவிடாது.

நம்மிடம் இதற்கான திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. 2018இல் அங்கே ஒருவருக்கு இரண்டு கைகளையுமே மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். கோவை கங்கா மருத்துவமனையில் நரம்பு, இரத்தக்குழாய் நுண்ணறுவை கற்க வெளிநாட்டு மருத்துவர்கள் வருகிறார்கள். கை ஒன்றை முழுதாகப் பொருத்தத் தெரிந்த ஊரில் நரம்பின் முனையைத் தசையில் சுருட்டத் தெரியாது என்பது நம்பும்படியாக இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. துண்டிப்பு என்பது அறுவை அரங்கில் மதிப்புக் குறைந்த வேலை. அறுக்க வேண்டியதை அறுத்து இரத்தத்தை நிறுத்தினால் முடிந்தது என்ற மனநிலையில், பெரும்பாலும் இரவு நேரத்தில், பணியில் இருக்கும் இளைய மருத்துவரிடம் அது விடப்படுகிறது. நரம்பைத் தைக்கத் தெரிந்த பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரை உறுப்பைக் காப்பாற்ற அழைப்பார்கள். காப்பாற்ற முடியாது என்று தெரிந்தவுடன் அவர் போய்விடுவார். உண்மையில் அவருக்கு அங்கே வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

அரசு செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் உறுப்புத் துண்டிப்புக்கான தொகையிலேயே நரம்பு முனைச் சீரமைப்பும் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதிவிட்டால், தனி அனுமதி கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நிலை வராது. சாலை விபத்துக்கான ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. பிள்ளையின் காயத்தை மூடும் அறுவை பெரும்பாலும் அந்த 48 மணி நேரம் கழிந்த பிறகே வருகிறது என்பதைத் திட்டம் வகுப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவத் துறைகளில் முதுநிலை படிப்பவர்களுக்கு ஆர்.பி.என்.ஐ. செய்முறையைப் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையினரே கற்றுக்கொடுக்கலாம். நுண்ணோக்கி இல்லாத இடத்தில் கண்ணில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியே அதற்குப் போதும். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் செயற்கை உறுப்புக்காக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், அளவெடுப்பதற்கு முன், அழும் முகம் முதல் சிரிக்கும் முகம் வரை வரைந்த அட்டையைக் காட்டி, ஸ்டம்ப் வலியையும் இல்லாத உறுப்பின் வலியையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கலாம். பெற்றோரிடம் கேட்பது இதற்கு ஈடாகாது. அவர்கள் இல்லை என்றே சொல்வார்கள்.

ஏற்கெனவே உறுப்பிழந்தவர்களுக்குக் காலம் கடந்துவிட்டதா என்ற கேள்வியும் எழும். மேலே சொன்ன 28 பேரும் முன்னரே உறுப்பிழந்து வலியோடு வாழ்ந்தவர்கள் என்பதே அதற்குப் பதில். 2009இல் வன்னியில் எறிகணையிலும் கண்ணிவெடியிலும் காலிழந்த பிள்ளைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் இளைஞர்கள். 1987 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்றவை அவர்களில் பலருக்குக் கால் பொருத்தி நடக்க வைத்திருக்கின்றன. வலியால் அந்தக் காலைக் கழற்றி வைத்துவிட்டவர்கள் இருந்தால், அவர்களுக்கும் இந்த அறுவையால் பயன் கிடைக்க வாய்ப்புண்டு. தமிழகத்து அகதி முகாம்களில் இருப்பவர்களுக்கு நம் மருத்துவமனைகளே இதைச் செய்து தரலாம்.

இன்னும் ஒன்று. துண்டிப்பு முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் தாளில், எந்த மட்டத்தில் எலும்பு வெட்டப்பட்டது என்று இருக்கும். நரம்புகளைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஒவ்வொரு பெரிய நரம்பும் எந்த இடத்தில் வெட்டப்பட்டது, அதன் முனை என்ன செய்யப்பட்டது என்பதை அத்தாளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கல்வி இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு ஊரில் அந்தப் பிள்ளையின் ஸ்டம்பைத் திறக்கும் மருத்துவருக்கு அது வழிகாட்டும். அதைவிட, எழுத வேண்டியிருக்கிறதே என்பதற்காகவாவது அன்று இரவு பணியில் இருக்கும் மருத்துவர் நரம்பின் முனையைத் தேடிப் பார்ப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறைச் சிகிச்சையாளர்,
திருச்சிராப்பள்ளி.